இரண்டு மிதியில் பிடிக்கும் பிரேக்



பழைய பிக்கப் வண்டி வைத்திருக்கும் நம்மவர் ஒருவரிடம், "பிரேக் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்லாத்தான் இருக்கு, ரெண்டு மிதி மிதிச்சா பிடிக்கும்" என்பார். கிள்ளானிலும் காப்பாரிலும் இந்தப் பதிலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆளுக்கொரு சுபாவம் இருப்பதுபோல வண்டிக்கும் ஒரு சுபாவம் என்று அவர் எண்ணிக்கொள்கிறார். அது சுபாவமல்ல, நோய். காலையில் காய்கறியும் புல்வெட்டும் இயந்திரமும் சுமக்கும் அதே வண்டிதான், மாலையில் கோயில் திருவிழாவுக்குப் பின்தட்டில் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். இரண்டாவது மிதிக்காகக் காலைத் தூக்கும் அந்த ஒரு விநாடிக்குள், மூன்று பிக்கப் வண்டிகளின் நீளத்தைப் பிரேக் இல்லாமலே கடந்திருப்பீர்கள். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் ஊர்ந்து போகும்போது இது தெரியாது. கூட்டரசு நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லோரி சட்டென்று நிற்கும்போது தெரியும்.

பிரேக் எப்படி வேலை செய்கிறது? வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைக் காட்ட ஊசியில்லாத இரண்டு மருந்துக் குழல்களும் ஒரு சிறு ரப்பர்க் குழாயும் போதும். இரண்டிலும் நீர் நிரப்பி இணைத்து ஒன்றை அழுத்தினால், மற்றது அந்தக் கணமே வெளியே தள்ளும். திரவம் சுருங்காது, அழுத்தத்தை அப்படியே கடத்தும். நடுவில் ஒரு காற்றுக் குமிழை விட்டுப் பாருங்கள். முதலில் குமிழ்தான் நசுங்கும், பிறகுதான் மறுமுனை அசையும். உங்கள் காலடியிலுள்ள மாஸ்டர் பம்பு ஒரு குழல், சக்கரத்திலுள்ள சிலிண்டர் மற்றொரு குழல்.

இனி அந்த இரண்டாவது மிதிக்கு வருவோம். இரண்டாம் மிதியில் பெடல் மேலே வந்து, கல்போல் உறுதியாக நின்றால், பெரும்பாலும் பின் டிரம்மில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. தானாகச் சரிசெய்து கொள்ளவேண்டிய பல்சக்கரம் துருவேறி இறுகியிருக்கும். மேலே வந்தும் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது. மேலே வந்த பெடலை அரை நிமிடம் ஒரே அழுத்தமாகப் பிடிக்கும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், எங்கோ எண்ணெய் ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் பம்பின் உள் ரப்பர் தேய்ந்துவிட்டது. இந்த மூன்றாவதுதான் மிகவும் பொல்லாதது. வெளியே ஒரு துளி ஈரமும் தெரியாமல், எண்ணெய் உள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நழுவிவிடும். அப்படிப்பட்ட வண்டியை எடுக்கவே கூடாது.

ஒழுக்கைத் தேடுவதற்கு நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் டயரின் உள்பக்கத்தையும் பாருங்கள். டிரம்மைக் கழற்றினால் சக்கர சிலிண்டரின் ரப்பர் உறையை மெல்ல விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் அதுதான் கள்ளன். அங்கே சேர்ந்த தூளை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதவேண்டாம். பழைய ஷூக்களில் கல்நார் கலந்திருக்கும், அது நுரையீரலைக் கெடுக்கும். நீரால் நனைத்துத் துடையுங்கள்.

பெடல் இறங்காமல் மரக்கட்டை போல் விறைத்து நிற்பது வேறு கோளாறு. பட்டறையில் செர்வோ என்பார்களே, என்ஜினின் வெற்றிடத்தைக் கொண்டு நம் காலுக்கு உதவும் வட்டப் பெட்டி, அதைச் சோதிக்க வேண்டும். என்ஜினை நிறுத்தி ஐந்தாறு முறை மிதியுங்கள். பிறகு பெடலை அழுத்தியபடியே என்ஜினை முடுக்குங்கள். பெடல் சற்றே தானாக இறங்கவேண்டும். இறங்காவிட்டால் வெற்றிடக் குழாய் வெடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அதன் விலை குறைவு. டீசல் வண்டியானால் வெற்றிடத்தைத் தரும் தனிப் பம்பையும் பார்க்கவேண்டும். பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும்.

பிக்கப் வண்டிக்கே உரிய கோளாறு ஒன்றுண்டு. பலரும் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. பல வண்டிகளில் பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கம்பி, ஒரு வால்வை அசைத்துக் கொண்டிருக்கும். பாரம் ஏறினால் சட்டம் தாழும். கம்பி அதை அறிந்து, பின் சக்கரங்களுக்கு அதிக அழுத்தம் விடும். வெறும் வண்டியானால் குறைத்துக்கொள்ளும். நம்மவர் என்ன செய்கிறார்? கூடுதல் பாரம் ஏற்றுவதற்காக ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை சேர்க்கிறார். சட்டம் உயர்ந்துவிடுகிறது. ஒரு டன் ஏற்றினாலும் வால்வு, வண்டி காலியாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடுகிறது. பாரத்தோடு வண்டி நிற்க மறுக்கும். உரிமையாளரோ ஷூவை மாற்றுவார், பம்பை மாற்றுவார், அந்தக் கம்பியை யாரும் தொடமாட்டார்கள். பட்டை சேர்த்திருந்தால் அதை எடுங்கள், அல்லது கம்பியைப் பட்டறையில் முறைப்படி திருத்தச் சொல்லுங்கள்.

வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், இழுக்காத பக்கத்தில்தான் பெரும்பாலும் கோளாறு. அங்கே சிலிண்டர் இறுகியிருக்கும், அல்லது ஷூவில் எண்ணெய் பட்டிருக்கும்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். நம் நாட்டுப் புழுக்கத்தைச் சொல்லவேண்டுமா? டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறியபின் அந்த அளவு 140. கெந்திங் மலையிலிருந்து பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் எண்ணெய் கொதித்து ஆவியாகும். ஆவி என்பது நம் குமிழ்தான். கீழ்க்கியரில் இறங்குங்கள். எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடாவில் மூழ்கிக் கிடந்தவற்றைப் போன்ற வண்டியை மலிவாக வாங்கியிருந்தால், இன்றே மாற்றுங்கள், டிரம்மையும் திறந்து பாருங்கள்.

அவசரத்துக்கு என்ஜின் எண்ணெயை மட்டும் அந்தக் குடுவையில் ஊற்றிவிடாதீர்கள். ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். மூடியின் உள்ளிருக்கும் ரப்பர் பெருத்து நெளிந்திருந்தால், முன்பு யாரோ ஊற்றியிருக்கிறார் என்று அறியலாம். அதன்பின் எல்லா ரப்பரையும் மாற்றியே ஆகவேண்டும்.

வேலை முடிந்ததும் காற்றை வெளியேற்றுங்கள். மாஸ்டர் பம்புக்கு மிகத் தொலைவான சக்கரத்தில் தொடங்குவது வழக்கம், வலப்பக்கம் அமர்ந்து ஓட்டும் நம் வண்டிகளில் அது அநேகமாகப் பின் இடது சக்கரம். ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் திருகைத் திறந்து, மூடியபிறகே காலை எடுக்கச் சொல்லவேண்டும். குடுவை காலியாகாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். முதல் ஓட்டம் ஆளில்லாத திடலில், நடைவேகத்தில், பின்தட்டில் ஒருவரும் இல்லாமல். ஒரே மிதியில் நிற்கிறதா என்று பாருங்கள்.