ஒரு சொட்டு ரத்தத்தின் கணக்கு
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரை படித்தவள். மேடையில் பேசிப் பழக்கமில்லை. போன மாதக் கூட்டத்தில், கூட்டமைப்புப் பணத்தில் கொலஸ்ட்ரால் பார்க்கிற சின்ன மெஷின் வாங்கலாமா என்று பேச்சு வந்தது. அப்போது நான் சொன்னதை விழாவில் விவரமாகச் சொல்லும்படி தலைவி அக்கா கேட்டார்கள். அதனால்தான் இங்கே நிற்கிறேன்.

எங்க வீட்டுக்காரர் கொத்தனார். ஆள் ஒல்லி. பீடி, குடி எதுவும் கிடையாது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கின பிறகு, நம்ம குழுவில் இருந்தே தன்னார்வலராகப் போன அக்கா வீட்டுக்கு வந்து பிரஷரும் சுகரும் பார்ப்பார்கள். இரண்டும் சரியாகவே இருக்கும். நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

இரண்டு வருசம் முன்னால் ஒருநாள், வேலை செய்யும்போதே அவருக்கு நெஞ்சு அடைத்தது. வீட்டுக்கு வந்து படுத்தார். நான் வாயு என்று நினைத்து ஓமத் தண்ணி வைத்துக் கொடுத்தேன். மூணு மணி நேரம் அப்படியே போச்சு. வேர்த்துக் கொட்டுவதைப் பார்த்து பக்கத்து வீட்டு அண்ணன்தான் 108-க்குப் போன் பண்ணினார். உயிர் பிழைத்தார். அவருக்கு அப்போ 41 வயசு. அந்த மூணு மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராது.

"சுகர் எப்பவும் சரியா இருந்துச்சே டாக்டரம்மா" என்று அழுதேன். "சுகர் மெஷின் சர்க்கரையை மட்டும்தாம்மா பார்க்கும்" என்றார்கள். எனக்குப் புரிகிற மாதிரி விளக்கமும் சொன்னார்கள்.

மெஷினில் செருகும் பட்டையில் நொதி தடவியிருக்கும். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி மாதிரி, சுகர் பட்டையில் உள்ள நொதி சர்க்கரையோடு மட்டும்தான் வேலை செய்யும். அதில் உண்டாகும் சின்ன மின்சாரத்தை மெஷின் அளந்து எண்ணாகக் காட்டும். 1962-ல் அமெரிக்காவில் கிளார்க் என்பவர் சொன்ன யோசனையில் இருந்து வந்தது இது. கொலஸ்ட்ரால் பட்டையில் இருப்பது வேறு நொதி. சிலதில் மின்சாரம், சிலதில் நிறம் மாறுவதை வைத்து அளக்கும்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கு. எண்ணெய் தண்ணியில் கலக்காது இல்லையா? கொலஸ்ட்ராலும் அப்படித்தான். அதனால் புரதத்தோடு சேர்ந்து பொட்டலமாகத்தான் ரத்தத்தில் போகும். எல்.டி.எல். என்கிற பொட்டலம் அதிகமானால் ரத்தக்குழாய்ச் சுவரில் படியும். அதுதான் கெட்ட கொழுப்பு. எச்.டி.எல். மிச்சத்தைத் திரும்ப ஈரலுக்குக் கொண்டுபோகும். அது நல்ல கொழுப்பு. பட்டையில் உள்ள நொதிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எல்.டி.எல்.-ஐ மட்டும் அதன் மேலுள்ள புரதத்தை வைத்துப் பிடிக்கிற பட்டைகளை ஆராய்ச்சிக்கூடங்களில் செய்து பார்க்கிறார்கள். நம்ம கைக்கு வருகிற விலை குறைந்த மெஷின் பலதும் மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும்தான் காட்டும்.

அப்போ கெட்ட கொழுப்பு எவ்வளவு என்று லேப்பில் எப்படிச் சொல்கிறார்கள்? பெரும்பாலும் கணக்குப் போட்டுத்தான். நாம் குழு நோட்டில் போடுகிற கழித்தல் மாதிரிதான். எங்க வீட்டுக்காரருக்கு மொத்தம் 268. நல்ல கொழுப்பு 38. ட்ரைகிளிசரைடு 170, அதை ஐந்தால் வகுத்தால் 34. 268-ல் 38-ம் 34-ம் போனால் மிச்சம் 196. அதுதான் கெட்ட கொழுப்பு. ட்ரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் இந்தக் கணக்கு சரிவராது.

190-க்கு மேல் இருந்தால் அது பரம்பரையாகவும் வரலாம், ரத்த சொந்தங்களும் பார்க்கணும் என்றார்கள் டாக்டரம்மா. என் மாமனார் 45 வயசில் திடீரென்று இறந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "எனக்கு ஒரு வலியும் இல்ல அண்ணி" என்று மறுத்த கொழுந்தனாரைக் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். அவருக்கும் 184. இப்போ மாத்திரை சாப்பிடுகிறார். என் பொண்ணுக்கும் பார்த்துவிட்டோம்.

அதனால் சொல்கிறேன், மெஷின் வாங்குவோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. பட்டையின் தேதி பார்க்கணும், டப்பாவை ஈரம் படாமல் மூடணும், விரலைக் கழுவித் துடைக்கணும், அழுத்திப் பிழியக் கூடாது. எண் அதிகமாக வந்தால் பயப்பட வேண்டாம். குறைவாக வந்தால் அதோடு விட்டுவிடவும் வேண்டாம். லேப்பில் 'லிப்பிட்' டெஸ்ட் எடுத்து டாக்டரிடம் காட்டணும். மெஷினை நம்பி மாத்திரையைத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

இன்னொரு வேண்டுகோள். மெஷினுக்கு ஒதுக்கும் பணத்தோடு, லேப் டெஸ்டுக்குக் காசில்லாத உறுப்பினருக்கு வட்டியில்லாமல் கொடுக்க ஒரு சின்னத் தொகையும் ஒதுக்குங்கள். வீட்டில் யாராவது சின்ன வயசில் மாரடைப்பில் போயிருந்தால் அவர்களுக்கு முதலில் கொடுப்போம். நெஞ்சு அடைத்தால் ஓமத் தண்ணி வேண்டாம், 108-க்குக் கூப்பிடுங்கள்.