பழைய வெப்கேம், புது லேப்டாப், நடுவுல ஒரு டிரைவர்

இந்த எபிசோடு, வாய்ஸ் நோட்ல நிறைய பேர் கேட்ட ஒரே கேள்விக்காக. "ப்ரோ, வீட்ல பழைய யூஎஸ்பி வெப்கேம் ஒண்ணு கிடக்கு, சொருகினா படம் வரல, டிரைவர் எங்க கிடைக்கும்?"

எங்க தேடக்கூடாதுன்னு முதல்ல சொல்லிடறேன். கேமரா பேரையும் "டிரைவர் ஃப்ரீ டவுன்லோடு"ங்கிற வார்த்தையையும் சேர்த்துத் தேடினா, பெரிய பச்சை பட்டனோட பத்து சைட் வரும். பல இடத்துல அந்தப் பட்டன் உங்க டிரைவரைத் தராது. "உங்க கம்ப்யூட்டர்ல இத்தனை டிரைவர் பழசாயிடுச்சு"ன்னு பயமுறுத்தி காசு கேட்கிற ஒரு சாஃப்ட்வேரைத் தான் தரும். டிரைவர்ங்கிறது சாதாரண ஆப் மாதிரி இல்லை. பெரும்பாலும் அது கெர்னலுக்குள்ள ஓடுற கோடு. வாசல்ல நிக்கிற கூரியர்காரர்கிட்ட பீரோ சாவியைக் கொடுக்கிற மாதிரி. யார் எழுதினதுன்னு தெரியாம உள்ள விடாதீங்க.

சரி, கீபோர்டு, மவுஸ் எல்லாம் சொருகின உடனே வேலை செய்யுது. பழைய கேமராவுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு? ஒரு சின்ன கணக்கு போடுவோம். 640க்கு 480 படம், ஒரு பிக்சலுக்கு 2 பைட், செகண்டுக்கு 30 படம். பெருக்கினா கிட்டத்தட்ட 147 மெகாபிட் வரும். பழைய யூஎஸ்பி 1.1ல அதிகபட்ச வேகமே 12 மெகாபிட். அதனால படத்தைச் சுருக்கி அனுப்பியாகணும். ஒவ்வொரு சிப் கம்பெனியும் அதைத் தன் இஷ்டத்துக்குப் பண்ணினாங்க. அந்தச் சுருக்கத்தைப் பிரிக்கத் தெரிஞ்ச டிரைவர், பாக்ஸோட வந்த சிடில மட்டும் இருக்கும்.

2003ல யூவிசின்னு ஒரு பொதுத் தரம் வந்துச்சு. யூஎஸ்பி வீடியோ கிளாஸ். அதுப்படி செஞ்ச கேமராவுக்குத் தனி டிரைவர் தேவையில்லை. விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2லயே அதுக்கான டிரைவர் உள்ள வந்துடுச்சு. ஆனா 2003க்கு அப்புறமும் பல வருஷம் கடைகள்ல பழைய வகைதான் மலிவா ஓடுச்சு. உங்க டிராயர்ல இருக்கிறது அதுவா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

எதுன்னு கண்டுபிடிக்க, மேல ஒட்டியிருக்கிற பேரைப் பார்க்காதீங்க. ஒரே சிப்பை வாங்கி ஆளாளுக்கு ஒரு பேர் ஒட்டி வித்தாங்க. விண்டோஸ்ல டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மஞ்சள் முக்கோணம் இருக்கிற டிவைஸ்ல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், அங்க ஹார்டுவேர் ஐடீஸ். விஐடி, பிஐடின்னு ரெண்டு நாலெழுத்து எண் வரும். முதல்ல இருக்கிறது கம்பெனி, ரெண்டாவது மாடல். 046டி வந்தா லாஜிடெக். 0ஏசி8 வந்தா விமைக்ரோ சிப். இந்த ரெண்டு எண்ணும் தான் உங்க கேமராவோட ஆதார் கார்டு.

இந்த எண்களை வச்சு முதல்ல மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக்ல தேடுங்க. அப்புறம் கம்பெனியோட சொந்த சப்போர்ட் பக்கம். ரெண்டுலயும் 64 பிட் டிரைவர் இல்லைன்னா விண்டோஸ்ல நிறுத்திக்கலாம். விண்டோஸ் 11 முழுக்க 64 பிட், அதுல 32 பிட் கெர்னல் டிரைவர் ஏறவே ஏறாது. சிக்னேச்சர் செக்கை ஆஃப் பண்ணினாலும் இதுக்கு உதவாது, பாதுகாப்பு போறது தான் மிச்சம்.

இங்கதான் லினக்ஸ் வருது. மிஷேல் ஸார்னு ஒரு பிரெஞ்சு டாக்டர், நிஜமாவே வைத்தியம் பார்க்கிற டாக்டர், ஜிஎஸ்பிசிஏன்னு ஒரு டிரைவர் எழுதினார். நூத்துக்கணக்கான பழைய கேமராக்களைத் தாங்குற டிரைவர். 2008ல அது லினக்ஸ் கெர்னல்லயே சேர்ந்துடுச்சு. கம்பெனி கைவிட்ட கேமராவுக்கு ஒரு டாக்டர் சிகிச்சை!

எங்க தெருவுல ஒரு டீச்சர், சபா பரீட்சைக்கு ஆன்லைன்ல ஹிந்தி டியூஷன் எடுக்கிறாங்க. லேப்டாப் கேமரா செத்துப் போச்சு. இருந்தது ஒரே போன், அதுவும் வகுப்பு நடுவுல கால் வர்ற போன். "புதுசு வாங்க அடுத்த மாச ஃபீஸ் வரணும் தம்பி, கேமரா இல்லன்னா அந்த ஃபீஸே வராது"ன்னாங்க. அலமாரியில இருந்து ஒரு பழைய வெப்கேம், கூடவே கீறல் விழுந்த சிடி. ஐடியைப் பார்த்தா 0ஏசி8. விண்டோஸ்ல வழியில்லை. உபுண்டுவை ஒரு பென்டிரைவ்ல போட்டு, இன்ஸ்டால் பண்ணாம 'ட்ரை'ல பூட் பண்ணினோம். டெர்மினல்ல எல்எஸ்யூஎஸ்பி அடிச்சதும் சிப் பேரோட வந்துச்சு. கேமரா ஆப்பைத் திறந்தா டீச்சர் முகம், கொஞ்சம் பச்சையா. டிரைவர்னு ஒரு ஃபைலைக்கூட நாங்க டவுன்லோடு பண்ணல.

அப்புறம் அவங்க ஃபைலையெல்லாம் பேக்கப் எடுத்துட்டு, விண்டோஸ் பக்கத்துலயே உபுண்டுவுக்கு இடம் பிரிச்சுக் கொடுத்தேன். மைக்குக்கு லேப்டாப்ல இருக்கிறதே போதும். படம் 640க்கு 480 தான், அதனால போர்டுல எழுத்தைப் பெருசா எழுதணும், முகத்துக்கு நேரா ஒரு டியூப்லைட் வேணும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தா எல்லாம் கறுப்பு.

சிலருக்குக் கேமரா டிவைஸ் மேனேஜர்ல சரியா இருக்கும், மீட்டிங்ல மட்டும் இருட்டா இருக்கும். அது டிரைவர் பிரச்சினை இல்லாம இருக்கலாம். செட்டிங்ஸ்ல பிரைவசி, கேமரா போய் ஆப்புக்கு அனுமதி இருக்கான்னு பாருங்க. எதுவும் சரிவரலைன்னா, ஆண்ட்ராய்டு 14ல சில போன்களை யூஎஸ்பி கேபிள்ல நேரா வெப்கேமா மாத்தலாம்.

உங்க கேமரா எதுன்னு கேட்டு மெசேஜ் அனுப்புறவங்க, பாக்ஸ் போட்டோ வேண்டாம், அந்த ரெண்டு எண்ணை மட்டும் அனுப்புங்க. அடுத்த எபிசோடு பழைய பிரின்டர்!