பவளப்பாறை ஓரத்தில் புல் இல்லாதது ஏன்?

(உழவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



ஆட்டுப் பட்டியை ஒட்டிய நிலத்தில் புல் மிஞ்சாது. ஆடுகள் முதலில் வாய் வைப்பது அங்கேதான். கடலுக்கு அடியிலும் இதே நிலைதான்.

ஆழங்குறைந்த கடலில் ஒருவகைப் புல் வளர்கிறது. இது பாசியன்று, வேர், இலை, பூ எல்லாம் உடைய தாவரம். இதன் வேர்கள் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. மீன் குஞ்சுகளுக்கு இதுவே மறைவிடம். ஆனால் மேற்கிந்தியத் தீவுகளில் பவளப்பாறைகளைச் சுற்றிச் சுமார் 30 அடி அகலத்திற்குப் புல்லின்றி வெறும் மணல் வளையம் காணப்பட்டது.

மண்ணில் குறையா? ஜான் ராண்டால் என்னும் மீனியல் அறிஞர் வர்ஜின் தீவுகளில் கடற்புல் நடுவே கான்கிரீட் கட்டிகளை அடுக்கிச் செயற்கைப் பாறை அமைத்தார். மீன்கள் அதில் குடியேறின. நாளடைவில் அதைச் சுற்றியும் மணல் வளையம் உண்டாயிற்று. கிளிமீன் போன்றவை மேய்ந்ததே காரணம் என்று 1965-ல் அவர் எழுதினார். பெரிய மீனுக்கு இரையாகாமலிருக்க, இவை பாறையை விட்டு அதிக தூரம் செல்வதில்லை. ஆகவே வளையத்திற்கு அப்பால் புல் தப்பிப் பிழைக்கிறது.

பகலில் பாறையில் ஒளிந்து இரவில் மேயும் கடல் முள்ளெலிக்கும் இதில் பங்குண்டு. செயின்ட் குரோய் தீவில் ஒரு பாறையிலிருந்து அவற்றை அகற்றியபோது மணலில் மீண்டும் பசுமை படர்ந்தது. இம்முடிவு 1973-ல் வெளியாயிற்று.

மேய்ச்சல் அளவு மீறினால் என்ன ஆகும்? இதற்கு நம் நாட்டு லட்சத்தீவே சான்று. 2000-க்குப் பின் அகத்தித் தீவை அடுத்த கடலில் பேராமைகள் பெருங்கூட்டமாய்த் திரண்டு மேய்ந்தன. புல் வெகுவாகக் குறைந்தது. பிறகு அவை வேறு தீவுகளுக்கு நகர்ந்தன. அங்கும் அதே கதி. புல்லோடு மீனும் குறைந்ததென்று மீனவர்கள் வருந்தினர். ஆமையோ சட்டப்படி காக்கப்படும் உயிரினம். மீனவர் பிழைப்பும் கெடாமல், ஆமையும் அழியாமல் வழி காண்பது எளிதன்று.

ஆமை நுழையாதபடி தடுத்து வைத்த இடங்களில் புல் தழைத்தது. இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். மேய்ச்சல் நிலம் வெறுமையானால் உடனே மண்ணைக் குறை கூறாதீர்கள். ஓரிடத்தில் சிறு வேலி போட்டு, ஒரு பருவம் பொறுத்துப் பாருங்கள். வேலிக்குள் புல் எழுந்தால் குறை மண்ணில் இல்லை, மேய்ச்சலில்தான். மந்தையை மாற்றி மாற்றி மேய்த்தால் நிலம் மீளும்.