தகைவிலான் குருவி



மாலை வேளையிலே வயல்வெளியின் மேல் ஒரு சிறு பறவை தாழ்ந்தும் உயர்ந்தும் ஓயாது வட்டமிடுவதை நேயர்கள் கண்டிருத்தல் கூடும். அதுவே தகைவிலான். தகைவு என்பது இளைப்பு. ஆதலின் இளைப்பில்லாதது என்று இப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். சிங்கள மக்கள் இதனை மழைப்பறவை என்று பொருள்பட 'வெஹிலிஹினியா' என்பர்.

தகைவிலான்களுள் இனங்கள் பல. அவற்றுள் ஒன்று, வடநாட்டுக் குளிருக்கு அஞ்சிப் புரட்டாதி, ஐப்பசியில் இங்கு வந்து, சித்திரையளவில் மீண்டு செல்லும். இலங்கைத் தகைவிலானோ இத்தீவிலன்றி வேறெங்கும் காணப்படாதது. கல்கத்தா நூதனசாலையிற் பணியாற்றிய எட்வேட் பிளைத் என்னும் அறிஞர் 1849 ஆம் ஆண்டில் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். நெடுங்காலம் வேறோர் இனத்தின் வகையாகவே எண்ணப்பட்ட இப்பறவையை, இன்று பறவை நூலார் தனி இனமாகவே கொள்வர்.

இதன் முதுகு மின்னுகின்ற கருநீலம். மார்பும் வயிறும் கடுஞ்செம்மை. வாலின் அடிப்புறமும் செந்நிறமே. வால் நீண்டு, கத்தரிக்கோல் போற் பிளவுபட்டிருக்கும். வயல், புல்வெளி, தோட்டம் முதலிய திறந்த வெளிகளிலே பெரும்பாலும் இணையாகத் திரியும்.

இதன் கூடு வியக்கத்தக்கது. ஈர மண்ணை அலகினாற் சிறு உருண்டைகளாக எடுத்துவந்து, ஒவ்வொன்றாக ஒட்டி, கழுத்து நீண்ட குடுவை போல அமைக்கும். உள்ளே இறகும் புல்லும் பரப்பி, வெண்ணிற முட்டைகள் இரண்டு அல்லது மூன்று இடும். முன்னர்ப் பாறைக் குகைகளே இதற்கு இடமளித்தன. இன்று பாலங்களின் அடிப்பாகத்தையும் மதகுகளையும் மனிதரின் வீட்டுக் கூரையையும் அது நாடுகின்றது.

இதன் உணவு பறக்கும் பூச்சிகளே. ஈசலும் ஈயும் சிறு வண்டும் பறக்கும்போதே இதன் வாய்க்குள் அகப்படும். பூச்சிகள் அளவின்றிப் பெருகாவண்ணம் தடுக்கும் உயிர்களுள் இதுவும் ஒன்று. வயலிற் பூச்சிகொல்லியை வரம்பின்றித் தெளிப்போர், பூச்சிகளோடு இப்பறவையின் இரையையும் அழிக்கின்றனர் என்பதை மறத்தலாகாது.

மற்றோர் இடரும் உண்டு. சுவர் அழுக்காகின்றதென்று துடைப்பத்தினால் கூட்டைத் தட்டிவிடுவோர் உளர். பல நாள் உழைப்பும் உள்ளிருக்கும் குஞ்சுகளும் ஒரு நொடியில் மண்ணாகும். கூட்டின் கீழே ஒரு பலகையைப் பொருத்தினால் எச்சம் தரையில் விழாது. குஞ்சுகள் பறந்து சென்றபின் சுவருக்கு வெள்ளையடிக்கலாம்.

உலகில் வேறு தாயகம் இல்லாத பறவை, மனிதரை நம்பி அவர்தம் கூரையின்கீழ் ஒதுங்குகின்றது. அடைக்கலம் புகுந்ததைக் காப்பது தமிழர் பண்பன்றோ!