பாட்டி வீட்டு வெள்ளி: வெள்ளிதானா, எந்த ஊர் வெள்ளி?
(நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் உத்தியோகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். இருந்தாலும் கல்லூரியில் படித்த பி.எஸ்ஸி. ரசாயனம் முழுதும் மறந்துவிடவில்லை. அது சென்ற வருஷம் எங்கள் குடும்பத்தில் ஒரு காரியத்துக்கு உதவியது. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

என் தங்கைக்கு 1971-ல் கல்யாணம். அம்மா தனக்குத் தன் தாயார் கொடுத்த வெள்ளிக் கூஜாவைச் சீரில் வைத்தாள். புக்ககத்தில் யாரோ ஒருவர் கூஜாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடியில் மஞ்சள் தெரிகிறதே, ஜெர்மன் சில்வர்தான்" என்று சொல்லிவிட்டார். தங்கை அதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மா காலமான பிறகுதான் என்னிடம் கூஜாவைக் கொண்டுவந்தாள். "அண்ணா, இது என்ன விலை போகும்னு எனக்குத் தெரிய வேண்டாம். அம்மா பொய் சொல்லலைன்னு தெரிஞ்சா போதும்" என்றாள்.

ஜெர்மன் சில்வர் என்பது பெயரில் மட்டும்தான் வெள்ளி. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் சேர்ந்த கலவை அது. வெள்ளி ஒரு குந்துமணிகூடக் கிடையாது. பலர் காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்றால் வெள்ளி என்று முடிவு கட்டுகிறார்கள். ஜெர்மன் சில்வரும் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது. ஆகவே காந்தம் இரும்பைத்தான் காட்டிக் கொடுக்கும். நைட்ரிக் அமிலச் சோதனை உண்டு. ஆனால் அது பாத்திரத்தில் வடு வைக்கும், கையையும் சுடும். வீட்டில் வேண்டாம்.

நான் செய்தது ஆர்க்கிமிடீஸ் சொன்ன வழி. சமையலறை எலெக்ட்ரானிக் தராசில் கூஜாவை, மூடியில்லாமல், நிறுத்தேன்: 694 கிராம். பிறகு தராசின் மேல் ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கினேன். கூஜாவை நூலில் கட்டி, உள்ளே காற்றுக் குமிழி நிற்காதபடி தண்ணீர் புகவிட்டு, பாத்திரத்தின் அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்கத் தொங்கவிட்டேன். தராசு 67 காட்டியது. கூஜாவின் உலோகம் அடைத்துக்கொண்ட இடம் 67 கன சென்டிமீட்டர் என்று அர்த்தம். 694-ஐ 67-ஆல் வகுத்தால் 10.36.

சுத்த வெள்ளியின் அடர்த்தி 10.49. ஸ்டெர்லிங் எனப்படும் 92.5 சதவீத வெள்ளி 10.36-ஐ ஒட்டி வரும். பித்தளை, ஜெர்மன் சில்வர் எல்லாம் எட்டரை, எட்டே முக்கால் அளவில் நின்றுவிடும். கூஜா ஜெர்மன் சில்வராக இருந்திருந்தால் தராசு 80-ஐ ஒட்டிக் காட்டியிருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: உள்ளே அரக்கு நிரப்பிய பாத்திரங்களுக்கும், காற்று அடைபட்ட சாமான்களுக்கும் இந்தக் கணக்கு செல்லாது.

அப்படியானால் மஞ்சள் எங்கிருந்து வந்தது? காற்றிலுள்ள கந்தக வாயு பட்டு வெள்ளியின் மேல் வெள்ளி சல்பைடு படியும். அது மெல்லியதாக இருக்கும்போது மஞ்சளாகவும், தடிக்கத் தடிக்கப் பழுப்பாகவும் கறுப்பாகவும் தெரியும். அலுமினியத் தாள் போட்ட வெந்நீரில் சமையல் சோடா கலந்து, கூஜாவின் அடி தாளில் படும்படி வைத்தேன். மஞ்சள் மறைந்தது. பித்தளை என்றால் மறையுமா?

அடியில் 'மீ' என்ற எழுத்தும் 60 என்ற எண்ணும் கீறியிருந்தன. 'மீ' எங்கள் பாட்டி மீனாட்சி. 60 யாருக்கும் புரியவில்லை. அந்தக் காலத்து வெள்ளி ரூபாய் ஒன்று ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். அறுபது தோலா 700 கிராம். நம் பழைய கணக்கில் இருபது பலம். நூறு வருஷத் தேய்மானம் ஆறு கிராம் போக, கணக்கு சரியாக வந்துவிட்டது! அந்த ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி; 1940-ல்தான் அதைப் பாதியாகக் குறைத்தார்கள்.

இனி முத்திரை விஷயம். என் மன்னியிடம் ஒரு தட்டு இருக்கிறது. வெள்ளைக்காரத் துரை கொடுத்தது என்று பெயர். பின்னால் வரிசையாக நான்கு முத்திரைகள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அவை ஈ, பி, என், எஸ் என்ற ஆங்கில எழுத்துகள்! நிக்கல் கலவையின் மேல் மின்முலாம் பூசியது என்று பொருள். 1840-ல் எல்கிங்டன் காப்புரிமை பெற்ற முறை அது. அசல் இங்கிலாந்து ஸ்டெர்லிங் என்றால் நடக்கும் சிங்கம் இருக்கும். கூடவே சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன், நங்கூரம் இருந்தால் பர்மிங்காம். அரசர் அல்லது அரசியின் தலை, வரி கட்டிய அடையாளமாக, 1784 முதல் 1890 வரை குத்தப்பட்டது.

நம் ஊர்த் தட்டார்கள் செய்த பாத்திரங்களில் பெரும்பாலும் முத்திரையே இராது. முத்திரை இல்லை என்பதால் வெள்ளி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளிக்கு ஹால்மார்க் நம் நாட்டில் வந்ததே 2005-ல்தான். சாமி உருவங்கள் புடைத்து நிற்கும் சென்னை வேலைப்பாட்டில் பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயர் கிடைக்கலாம். கட்ச் பூக்கொடி வேலையில் ஓ.எம். என்ற எழுத்தும் பூஜ் என்ற ஊர்ப் பெயரும் இருந்தால், அது ஊமர்சி மாவ்ஜியின் பட்டறை. இவற்றை எடைக்குப் போட்டுப் புதுத் தட்டு வாங்கினால் நஷ்டம் நமக்குத்தான்.

தங்கையின் பேத்தி அமெரிக்காவில் இருக்கிறாள். கூஜாவை எடுத்துப் போக ஆசைப்பட்டாள். பாட்டியின் கல்யாணம் 1919-ல். நூறு வருஷம் கடந்த கலைப்பொருள், கைவினைப்பொருள் எதையும் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப் போக 1972-ம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. மீறினால் சிறைத்தண்டனை உண்டு. வயது சந்தேகமாக இருந்தால் தொல்லியல் துறையிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கூஜா இங்கேயே இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்: யார் கொடுத்தது, எந்த வருஷம், என்ன எடை. அம்மா அப்படி ஒரு வரி எழுதி வைத்திருந்தால் என் தங்கை ஐம்பது வருஷம் வாய் மூடி இருந்திருக்க வேண்டாம். 10.36 என்று நான் கணக்கைக் காட்டியபோது அவள் எண்ணைப் பார்க்கவேயில்லை. கூஜாவைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.