அம்மாவின் பாதம்

(ஆதரவாளர் கூடுகையில் பேசியது)



போன மாதம் ஒரு சனிக்கிழமை, அம்மாவைப் பார்க்க எங்கள் சொந்த ஊரான ஆத்தூருக்குப் போயிருந்தோம். தாமிரபரணித் தண்ணீரில் விளையும் வெற்றிலைக்குப் பேர்போன ஊர். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

வழக்கமாக இரண்டு நாளும் மீன்குழம்பிலும் ஊர்ப்பேச்சிலும் போய்விடும். இந்த முறை ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து அம்மா காலை நீட்டி உட்கார்ந்தார்கள். உள்ளங்காலில் புண்! "வலிக்கவே இல்லய்யா, அதான் சொல்லல" என்றார்கள்.

வலிக்காததுதான் ஆபத்து. நாள்பட்ட சர்க்கரை நோய் கால் நரம்புகளை மரத்துப்போகச் செய்யும். முள் குத்தினாலும் தெரியாது. கவனியாத புண்ணால் காலையே இழந்தவர்கள் உண்டு. மறுநாளே நம் மருத்துவமனைக்கு அழைத்து வந்தோம். தேவகிருபையால் புண் ஆறிவருகிறது.

கொடிக்கால் ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கிற எத்தனையோ பெரியவர்களுக்கு, பார்த்துச் சொல்லப் பிள்ளைகள் அருகில் இல்லை. அவர்களுடைய மருந்துக்கும் கட்டுக்கும் உங்கள் காணிக்கை உதவுகிறது. நீங்களும் ஊருக்குப் போனால், பெற்றோரின் பாதங்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குவரை பாருங்கள். நம் ஆண்டவரும் சீஷருடைய கால்களைக் கழுவினவர் அல்லவா?

எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.