தரையில் ஓடும் அந்தச் சில விநாடிகள்

(எட்டயபுரத்தில் கூடிய ஆதரவாளர்களுக்கு அளித்த உரை)



சிறிய விமானங்களைக் குறித்து இன்று உங்களோடு பேச விரும்புகிறோம். கரிசல்காட்டில் இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்பீர்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் நாலாட்டின்புத்தூரில் ஒரு விமான ஓடுதளம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே விமானப் பயிற்சிப் பள்ளி அமைக்க டிட்கோ நிறுவனம் முயற்சி எடுத்திருக்கிறது. நாளை நம் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே பயிலக்கூடும். அதோடு, 1945-ல் ஆரம்பமாகி இன்று மிஷன் ஏவியேஷன் ஃபெல்லோஷிப் என்று அழைக்கப்படும் ஊழியம், சாலையில்லாத தேசங்களில் நோயாளிகளையும் மருந்துகளையும் இப்படிப்பட்ட சிறு விமானங்களில்தான் கொண்டுசெல்கிறது.

விபத்து என்றால் ஆகாயத்தில்தான் என்று எண்ணுகிறோம். புறப்படுவதற்காகத் தரையில் ஓடும்போதே திசை தவறும் விமானங்களும் உண்டு. 2025 அக்டோபர் 9-ந் தேதி உத்தரப் பிரதேசம் ஃபரூக்காபாத் மாவட்டத்தில், முகம்மதாபாத் ஓடுதளத்தில் ஒரு தனியார் ஜெட் விமானம் அப்படி விலகிப் புதருக்குள் போய் நின்றது. உள்ளே இருந்த அனைவரும் காயமின்றித் தப்பினார்கள். எல்லா விபத்தும் அப்படி முடிவதில்லை.

திசை ஏன் தவறுகிறது? ஒரு டயரில் காற்று குறைந்திருக்கலாம். ஒரு பக்கத்து பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். முன்னால் ஒரே விசிறி உள்ள விமானத்தில் வேறொரு காரணமும் உண்டு. பெரும்பாலான அத்தகைய விமானங்களில், ஓட்டுகிறவர் இருக்கையிலிருந்து பார்த்தால் விசிறி வலப்பக்கமாகச் சுற்றும். முழு வேகம் கொடுத்தவுடன் அதன் சுழற்சியும், அது பின்னுக்குத் தள்ளும் காற்றும் மூக்கை இடப்பக்கம் இழுக்கும். விமானி வலது காலால் மிதித்துத் திருத்த வேண்டும். ஆனால் ஓட்டத்தின் தொடக்கத்தில் வாலிலுள்ள சுக்கானுக்குப் போதிய காற்று கிடைப்பதில்லை. ஆகவே வேகம் குறைந்த நேரத்திலேயே ஆபத்து அதிகம்.

பின்சக்கரம் வாலில் உள்ள பழைய வகை விமானங்களில் பாரம் முக்கிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். சிறிது திரும்பினால் வால் முன்னே வரப் பார்க்கும்; கவனிக்காவிட்டால் விமானம் தரையிலேயே சுழன்றுவிடும்.

காற்றைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. களத்தில் தூற்றுகிறவர் முதலில் காற்று எந்தப் பக்கம் என்றுதான் பார்ப்பார். ஆடி மாதத்து மேல்காற்றைக் கயத்தாற்றுக் காற்றாலைகள் அறியும். அப்படிப்பட்ட காற்று பக்கவாட்டில் வீசினால், விமானத்தின் வாலைத் தள்ளி மூக்கைக் காற்றின் பக்கமே திருப்பும்.

இதற்குப் பரிகாரம் மூன்று. புறப்படுமுன் டயரையும் பிரேக்கையும் காற்றுப்பையையும் பார்ப்பது. ஓடும்போது சிறு விலகலைச் சிறு மிதியால் உடனே திருத்துவது. தாமதித்துப் பலமாக மிதித்தால் விமானம் மறுபக்கம் பாயும். திருத்த முடியாவிட்டால், பாதை மீதமிருக்கும்போதே இயந்திர வேகத்தைக் குறைத்து நின்றுவிடுவது. கப்பலின் சிறு சுக்கானைக் குறித்து யாக்கோபு எழுதியது இங்கும் பொருந்தும்.

மூன்றாவதுதான் கடினம். நோயாளி காத்திருக்கிறார், பயணிகள் அவசரப்படுகிறார்கள் என்ற எண்ணம் விமானியை முன்னே தள்ளும். ஆனால் புறப்படாமல் நின்ற விமானம் ஒரு மணி நேரம் கழித்துப் போகலாம். உடைந்த விமானம் ஒருவருக்கும் உதவாது. ஆகவே என்றாவது நீங்கள் சிறு விமானத்தில் ஏறி, "இப்போது வேண்டாம், காற்று சரியில்லை" என்று விமானி சொல்லக் கேட்டால், அவரை நெருக்காதிருங்கள். அவருக்கு நன்றி சொல்லுங்கள். அப்படிச் சொல்லக்கூடிய துணிவோடு நம் பிள்ளைகள் பயிற்சி பெற வேண்டும் என்பதே எங்கள் ஜெபம்.